காய்கறிக்காரருக்குத் தெரிந்திருந்தது

ஆம்ஸ்டர்டாமில் லெலியெகிராக்ட் கால்வாய் ஓரமாக ஹென்ட்ரிக் வான் ஹூவெ என்பவர் காய்கறிக் கடை வைத்திருந்தார். 1942 கோடையிலிருந்து பக்கத்து அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் அடிக்கடி வந்து காய் வாங்கிப் போனார். வாங்கியது இரண்டு பேர் சாப்பிடும் அளவில்லை. கடைக்காரர் ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நாளில் அவராகவே கனமான உருளைக்கிழங்கைத் தனியாக எடுத்து வைத்து, மதிய நேரத்தில் அந்த அலுவலகத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார். அப்போதும் பேச்சில்லை.

அந்த முகவரி பிரின்சன்கிராக்ட் 263. அந்தப் பெண் மீப் கீஸ். அங்கே புத்தக அலமாரிக்குப் பின்னால் எட்டு யூதர்கள் ஒளிந்திருந்ததையும், அவர்களில் ஆன் ஃபிராங்க் என்ற சிறுமியின் நாட்குறிப்பையும் உலகம் அறியும். அந்தக் காய்கறிக்காரரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 1944 மே மாதம் அவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. காரணம் உருளைக்கிழங்கு இல்லை. அவர் தன் வீட்டிலேயே இரண்டு யூதர்களை ஒளித்து வைத்திருந்தார். அவர் போனதும் அலமாரிக்குப் பின்னால் இருந்தவர்களுக்குக் காலைச் சாப்பாடு நின்றது.

நாஜிகளிடமிருந்து யூதர்களை ஒளித்து வைத்த குடும்பங்களைப் பற்றி யோசிக்கும்போது நமக்குத் தோன்றுவது ஒரே காட்சிதான். நடுராத்திரி, கதவு தட்டும் சத்தம், ஒரு நல்ல மனிதர் கதவைத் திறக்கிறார். அந்தக் கணம் முக்கியமானதுதான், ஆனால் அது ஐந்து நிமிடம். அதற்கப்புறம் இரண்டு வருடம் சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும், குப்பை கொட்ட வேண்டும், யாருக்காவது காய்ச்சல் வந்தால் வாய் திறக்காத டாக்டரைத் தேட வேண்டும். வீட்டுக்கு ஒரு காய்கறிக்காரராவது இல்லாமல் இது நடந்திருக்காது.

ஜெர்மனி நெதர்லாந்துக்குள் நுழைந்தது 1940 மே 10ஆம் தேதி. ஐந்து நாளில் நாடு பணிந்தது. அப்போது அங்கே சுமார் 1,40,000 யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 1,02,000 பேர் கொல்லப்பட்டார்கள். நான்கில் மூன்று பங்கு. பிரான்சில் இது நான்கில் ஒரு பங்கு, பெல்ஜியத்தில் பத்தில் நான்கு. மேற்கு ஐரோப்பாவில் இவ்வளவு மோசமான கணக்கு வேறெங்கும் இல்லை. நெதர்லாந்து என்றாலே அடைக்கலம் கொடுத்த நாடு என்ற எண்ணம் எப்படியோ பரவியிருக்கிறது. அந்த எண்ணத்தோடு இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஏன் இப்படி ஆனது? ஒரு காரணம் நிலம். மலை இல்லை, பெருங்காடு இல்லை, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஜெர்மனி. இன்னொரு காரணம் காகிதம். டச்சு நிர்வாகம் ஒழுங்குக்குப் பேர் போனது. யார் எந்தத் தெருவில் எந்த மதத்தவராக வாழ்கிறார் என்பதெல்லாம் மக்கள் பதிவேட்டில் ஏற்கெனவே இருந்தது. 1941 ஜனவரியில் யூதர்கள் எல்லாரும் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தபோது ஏறக்குறைய எல்லாரும் போய்ப் பதிந்தார்கள். அதே வருடம் புது அடையாள அட்டை வந்தது. அதை வடிவமைத்த யாகப் லென்ட்ஸ் ஒரு டச்சு அரசு ஊழியர். புகைப்படம், கைரேகை, நீர்க்குறி எல்லாம் வைத்து அவர் செய்த அட்டை ஜெர்மானியர்களின் சொந்த அட்டையைவிடப் போலி செய்யக் கடினமாக இருந்தது. யூதர்களின் அட்டையில் 'ஜே' என்ற எழுத்து அச்சிடப்பட்டது. லென்ட்ஸ் ஒருவரையும் சுடவில்லை. தன் வேலையை நன்றாகச் செய்தார், அவ்வளவுதான். எனக்கு இந்தக் கதையிலேயே அதிகம் உறுத்துகிற ஆள் அவர்தான்.

1942 ஜூலையில் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயில்கள் கிளம்பின. அடுத்த ஆண்டு இன்னொரு கொலை முகாமான சோபிபோருக்கும். அழைப்புக் கடிதம் வந்தவர்களுக்கு இரண்டே வழி: போவது, அல்லது காணாமல் போவது. டச்சுக்காரர்கள் இரண்டாவதற்கு 'கீழே முங்குவது' என்று பொருள்படும் ஒரு சொல்லைப் பயன்படுத்தினார்கள். குளத்தில் முங்குவது மாதிரி. அப்படி முங்கிய யூதர்கள் 25,000 முதல் 28,000 பேர் வரை. அவர்களில் சுமார் 16,000 பேர் உயிரோடு மேலே வந்தார்கள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். 1942இல் கதவைத் திறந்த பல குடும்பங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. ஒரு ராத்திரி, ஒரு வாரம், வேறு இடம் கிடைக்கும்வரை. போர் சீக்கிரம் முடிந்துவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள். வேறு இடம் கிடைக்கவில்லை. போர் 1945 மே மாதம்வரை முடியவில்லை.

டச்சு வீடுகள் குறுகலானவை, படிகள் செங்குத்தானவை, ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுச் சுவரும். மாடியில் யாராவது இருமினால் பக்கத்து வீட்டில் கேட்கும். வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். கொடியில் காயும் துணியை யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள் என்று நினைக்கிறோம். எண்ணுகிறவர்கள் எந்தத் தெருவிலும் உண்டு. வீட்டுப் பிள்ளைகள் நண்பர்களைக் கூட்டிவர முடியாது, பள்ளியில் வாய் தவறிவிடவும் கூடாது. பொய் சொல்லாதே என்று சொல்லி வளர்த்த அம்மாவே இப்போது எப்படிப் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். இந்த வேலையில் பெரும்பகுதி பெண்கள் தலையில்தான் விழுந்தது. பிற்காலப் பட்டியல்களில் மட்டும் பல இடங்களில் கணவர் பெயர் முதலில் வந்தது.

மனிதர்கள் சும்மா ஒத்துப்போய்விடவும் மாட்டார்கள். நகரத்து வியாபாரி ஒருவர் பண்ணை வீட்டுப் பரணில், கதவைத் திறந்து வெளியே போக முடியாமல், அடுத்தவர் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு, நன்றி மட்டுமே சொல்லக் கடமைப்பட்டவராக இரண்டு வருடம் இருந்தால் என்ன ஆகும்? சண்டை வந்தது. யூத மதம் விலக்கிய பன்றி இறைச்சி தட்டில் வந்தது. மதம் மாற்றப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஒளிந்திருந்த பெண்களிடமும் குழந்தைகளிடமும் தவறாக நடந்துகொண்ட வீடுகளும் இருந்தன. இதையெல்லாம் சேர்த்துத்தான் அந்த 16,000 என்ற எண்.

காசு விஷயமும் உண்டு. பலர் தங்குவதற்குப் பணம் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் எல்லாரையும் பேராசைக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. உணவு, துணி, சோப்பு எல்லாம் கூப்பனுக்குத்தான். முங்கியவர் சட்டப்படி இல்லாத ஆள், அதனால் அவருக்குக் கூப்பனும் இல்லை. கள்ளச் சந்தையில் வாங்கினால் கூலிக்காரக் குடும்பம் ஒரு மாதம்கூடத் தாங்காது. அதே சமயம், அதிக வாடகை கேட்டு, பணம் தீர்ந்ததும் தெருவில் விட்டவர்களும் இருக்கத்தான் செய்தார்கள்.

இந்தக் கூப்பன் பிரச்சினையைத் தீர்க்கத்தான் பெரிய அமைப்புகளே உருவாயின. 1942 கடைசியில் விண்டர்ஸ்வைக் ஊரைச் சேர்ந்த ஹெலினா கைபர்ஸ்-ரீட்பெர்க் என்ற குடும்பத்தலைவியும் ஃபிரிட்ஸ் ஸ்லோம்ப் என்ற போதகரும் சேர்ந்து தலைமறைவாக இருப்பவர்களுக்கு உதவும் அமைப்பைத் தொடங்கினார்கள். அந்தம்மாவை எல்லாரும் 'ரீக் அத்தை' என்றுதான் கூப்பிட்டார்கள். இவர்களோடு இணைந்த ஆயுதக் குழுக்கள் ரேஷன் அலுவலகங்களைக் கொள்ளையடித்துக் கூப்பன்களைக் கொண்டுவந்தன. வால்ராவன் வான் ஹால் என்ற வங்கியாளர் போலி அரசுக் கடன் பத்திரங்களை அச்சடித்து, அவற்றை டச்சு மத்திய வங்கியிலிருந்த அசல் பத்திரங்களுக்கு மாற்றாக வைத்து, அன்றைய டச்சு நாணயமான கில்டரில் சுமார் ஐந்து கோடி எடுத்தார். நாட்டின் வங்கியை நாட்டுக்காகவே கொள்ளையடித்தவர். 1945 பிப்ரவரியில் ஹார்லெமில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ரீக் அத்தை அதற்குச் சில வாரம் முன்பு ராவன்ஸ்ப்ரூக் முகாமில் இறந்திருந்தார்.

ஆனால் ஒரு கசப்பான உண்மை. இந்த அமைப்புகள் பெரிதாக வளர்ந்தது 1943 வசந்தத்துக்குப் பிறகு, டச்சு இளைஞர்களை ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்கு இழுத்தபோது. தன் வீட்டுப் பையனை ஒளிக்க வேண்டிய நிலை வந்ததும் நாடே ஒளிக்கக் கற்றுக்கொண்டது. அதற்குள் யூதர்களில் பெரும்பாலோரை ரயில் ஏற்றியாகிவிட்டது. 1943 செப்டம்பர் இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் கடைசிப் பெரிய சுற்றிவளைப்பு நடந்து முடிந்தது.

சரி, யார் இந்தக் குடும்பங்கள்? ஏன் ஒரு வீடு திறந்தது, பக்கத்து வீடு திறக்கவில்லை? இதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள். படிப்பு, வருமானம், அரசியல் என்று எதை வைத்தும் பிரிக்க முடியவில்லை. ஓரளவு தெளிவாகத் தெரிவது ஒன்றே: உதவியவர்களில் பெரும்பாலோரிடம் யாரோ ஒருவர் வந்து கேட்டிருந்தார்கள். கேட்கப்பட்டவர்களில் அதிகம் பேர் சரி என்றார்கள். கேட்கப்படாமல் தானாகப் போய் உதவியவர்கள் குறைவு. அப்படியானால் கேள்வியே மாறிவிடுகிறது. யார் நல்லவர் என்று கேட்பதைவிட, யார் யாரிடம் போய்க் கேட்க முடிந்தது என்று பார்ப்பதுதான் பயனுள்ளது.

அங்கேதான் மதம் வருகிறது. நெதர்லாந்தில் அன்று கத்தோலிக்கருக்குத் தனிப் பள்ளி, தனிப் பத்திரிகை, தனிச் சங்கம். கட்டுப்பாடான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களான கால்வினியப் பிரிவினருக்கு வேறு. இந்தக் கால்வினியர்கள் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் காப்பாற்றப்பட்ட யூதர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேரைக் காப்பாற்றியது அவர்கள்தான் என்று மதிப்பிடுகிறார்கள். வேத நம்பிக்கை ஒரு காரணம். அதைவிட நடைமுறையானது இன்னொன்று. சிறுபான்மையாக வாழ்ந்து பழகியவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியும், யாரை நம்பலாம் என்று தெரியும். போதகர் ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று மெதுவாகக் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

வடகிழக்கில் ட்ரெந்தெ மாகாணத்தில் நியூலாண்டெ என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே யோஹன்னஸ் போஸ்ட் என்ற விவசாயியும், தோட்ட வேலை தெரிந்த அர்னால்ட் டௌவெஸும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். கடைசியில் வீட்டுக்கு ஒரு யூதக் குடும்பம், முடியாவிட்டால் ஓர் ஆளாவது என்று ஊரே முடிவெடுத்தது. எல்லா வீட்டிலும் ஆள் இருந்தால் யார் யாரைக் காட்டிக்கொடுப்பது? டௌவெஸ் நடந்ததையெல்லாம் துண்டுத் தாள்களில் எழுதி மண்ணுக்குள் புதைத்து வைத்தார். போஸ்டை 1944 ஜூலையில் சுட்டுக் கொன்றார்கள். பிற்காலத்தில் ஊர் முழுவதற்குமாக இஸ்ரேலின் யாத் வஷெம் நினைவகம் மரியாதை செய்தது. ஓர் ஊருக்கே இப்படிக் கிடைப்பது மிக அரிது.

கேட்டால் கதவு திறக்கும் என்பதை எதிரியும் புரிந்துகொண்டான். ஹார்லெமில் டென் பூம் குடும்பம் கடிகாரக் கடை வைத்திருந்தது. மாடியில் மகள் கோரியின் படுக்கையறையில் ஒரு பொய்ச் சுவர் எழுப்பியிருந்தார்கள். தட்டிப் பார்த்தாலும் சந்தேகம் வராதபடி செங்கல் சுவர். செங்கற்களைக் கைப்பையிலும் கடிகாரப் பெட்டியிலும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவந்தார்கள். சுவருக்குப் பின்னால் இருந்த இடம் முக்கால் மீட்டர் அகலம். துணி அலமாரியின் அடித்தட்டில் இருந்த ஒரு பலகையை நகர்த்தி, தவழ்ந்து உள்ளே போக வேண்டும். மணி அடித்தால் எத்தனை நொடியில் எல்லாரும் உள்ளே போகிறார்கள் என்று ஒத்திகை நடக்கும். தட்டு, செருப்பு, மூக்குக் கண்ணாடி எதுவும் வெளியே இருக்கக் கூடாது. மெத்தையைத் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் சூடு தெரிந்துவிடும்.

1944 பிப்ரவரி 28 அன்று ஓர் ஆள் வந்து, யூதர்களுக்கு உதவியதற்காகத் தன் மனைவியைப் பிடித்துவிட்டார்கள், ஒரு போலீஸ்காரருக்கு லஞ்சம் கொடுக்க 600 கில்டர் வேண்டும் என்று கெஞ்சினான். கோரி சந்தேகத்தோடுதான் சம்மதித்தார். அவன் உளவாளி. அன்றே வீடு முற்றுகையிடப்பட்டது. சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தும் ரகசிய அறை அகப்படவில்லை. உள்ளே ஆறு பேர், நிற்கவும் உட்காரவும் மட்டும் இடம், தண்ணீர் ஏறக்குறைய இல்லை. ஏறத்தாழ 47 மணி நேரம் கழித்து எதிர்ப்பியக்கத்தோடு தொடர்புள்ளவர்கள் வந்து அவர்களை வெளியே எடுத்தார்கள். ஒளிந்தவர்கள் அன்று தப்பினார்கள். ஒளித்தவர்களோ சிறையில். 84 வயது காஸ்பர் டென் பூம் பத்து நாளில் இறந்தார். மகள் பெட்சி அந்த டிசம்பரில் ராவன்ஸ்ப்ரூக் முகாமில் இறந்தார். கோரி உயிரோடு திரும்பி வந்தார்.

காட்டிக்கொடுப்பது ஒரு தொழிலாகவே இருந்தது. 1943இல் ஹென்னெக்கெ என்பவனின் கீழ் இயங்கிய டச்சுக் கும்பல் ஒன்று தலைக்கு ஏழரை கில்டர் வாங்கிக்கொண்டு சில மாதங்களில் எட்டாயிரம் பேருக்கு மேல் பிடித்துக் கொடுத்தது.

எதிர்ப்பக்கத்தில் காகிதத்தைத் தாக்கியவர்கள் இருந்தார்கள். 1943 மார்ச் 27 இரவு, வில்லெம் அரொண்டேயஸ் என்ற ஓவியரும் கெர்ரிட் வான் டெர் வேன் என்ற சிற்பியும் போலீஸ் உடை போட்டுக்கொண்டு, கூட்டாளிகளோடு ஆம்ஸ்டர்டாம் மக்கள் பதிவேட்டு அலுவலகத்துக்குள் புகுந்து தீ வைத்தார்கள். அட்டைகளில் ஒரு சிறு பங்கே அழிந்தது. தீயணைப்பு வீரர்கள் வேண்டுமென்றே தாமதமாக வந்து, வேண்டியதைவிட அதிகமாகத் தண்ணீர் பாய்ச்சினார்கள். அரொண்டேயஸ் உட்படப் பன்னிரண்டு பேர் அந்த ஜூலையில் சுடப்பட்டார்கள். லென்ட்ஸுக்கு ஒரு பதில் உண்டென்றால், மேலதிகமாகத் தண்ணீர் பாய்ச்சிய அந்தத் தீயணைப்பு வீரர்களைத்தான் சொல்வேன்.

ஹவுசன் ஊருக்கு அருகே மரியன் பிரிட்சர்ட் என்ற இளம்பெண் ஒரு தகப்பனையும் மூன்று குழந்தைகளையும் ஒளித்து வைத்திருந்தார். ஒரு இரவு சோதனைக்கு வந்தவர்கள் ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டார்கள். அரை மணி நேரத்தில் கூட வந்திருந்த டச்சுப் போலீஸ்காரன் மட்டும் தனியாகத் திரும்பி வந்தான். குழந்தைகள் அதற்குள் வெளியே வந்திருந்தார்கள். அவர் அவனைச் சுட்டார். இப்போது வீட்டில் ஒரு பிணம். ஊரில் சவ அடக்கம் செய்பவர் அதை வேறொருவரின் சவப்பெட்டிக்குள் சேர்த்து வைத்துப் புதைத்தார். காய்கறிக்காரரைப் போல இவரும் ஒரு தொழில் தெரிந்த அக்கம்பக்கத்துக்காரர்.

போலந்தில் நிலைமை வேறு. நெதர்லாந்தில் பிடிபட்டால் பெரும்பாலும் சிறையோ முகாமோ. சிலர் தப்பினார்கள், பலர் இறந்தார்கள். போலந்தில் 1941 அக்டோபர் உத்தரவுப்படி அடைக்கலத்துக்கு மரண தண்டனை. 1944 மார்ச் 24 அன்று மார்கோவா கிராமத்தில் யூசெஃப் உல்மா, கர்ப்பமாக இருந்த மனைவி விக்டோரியா, ஆறு குழந்தைகள், அவர்கள் வீட்டில் இருந்த எட்டு யூதர்கள் எல்லாரையும் சுட்டுக் கொன்றார்கள். அதைப் பார்த்த பிறகும் அதே ஊரில் வேறு வீடுகளில் ஒளிந்திருந்த இருபது பேராவது போர் முடியும்வரை பிழைத்தார்கள். 2023இல் கத்தோலிக்கத் திருச்சபை உல்மா குடும்பத்துக்கு அருளாளர் பட்டம் கொடுத்தது.

குழந்தைகள் கதை தனி. ஆம்ஸ்டர்டாமில் பிடித்த யூதர்களை ஒரு நாடகக் கொட்டகையில் அடைத்து வைத்தார்கள். சின்னக் குழந்தைகளை மட்டும் எதிரே இருந்த காப்பகத்தில் வைத்தார்கள். காப்பகத் தலைவி ஹென்ரியெட் பிமென்டல், கொட்டகையில் நிர்வாக வேலை பார்த்த வால்டர் சுஸ்கிண்ட், பக்கத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவர் யோஹன் வான் ஹுல்ஸ்ட் மூவரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நடுவில் டிராம் வந்து நிற்கும்போது காவலாளியால் எதிர்ப்பக்கத்தைப் பார்க்க முடியாது. அந்தச் சில நொடியில் குழந்தையோடு வெளியேறுவார்கள். மற்ற சமயங்களில் பின்தோட்டத்து வேலி வழியாகப் பள்ளிக்குள். பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவது சுஸ்கிண்டின் வேலை. இப்படிச் சுமார் 600 குழந்தைகள். பிமென்டலும் சுஸ்கிண்டும் யூதர்கள், இருவரும் பிழைக்கவில்லை. வான் ஹுல்ஸ்ட் 2018இல் 107 வயதில் இறந்தார்.

குழந்தைகள் வடக்கே ஃபிரீஸ்லாந்துக்கும் தெற்கே லிம்பர்க்குக்கும் போனார்கள். பெண் குழந்தைக்கு வீடு கிடைப்பது சுலபம். பையனுக்குச் சுன்னத் செய்திருக்கும். திடீரென்று வீட்டில் முளைத்த குழந்தைக்கு ஊரில் சொல்ல ஒரு கதை வேண்டுமே? 1940 மே மாதம் ரோட்டர்டாம் குண்டுவீச்சில் சுமார் 80,000 பேர் வீடிழந்திருந்தார்கள். ரோட்டர்டாமிலிருந்து வந்த சொந்தக்காரப் பிள்ளை என்றால் மேலே கேள்வி வராது.

1945இல் இந்தக் குழந்தைகள் யாருடையவர்கள் என்ற கேள்வி வந்தது. பிழைத்துத் திரும்பிய அம்மாவைப் பார்த்துக் குழந்தை பண்ணைக்கார அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது பல வீடுகளில் நடந்தது. பெற்றோர் இருவரையும் இழந்தவர்கள் சுமார் 2,000 பேர். அவர்களுக்காக அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் ஹெசினா வான் டெர் மோலன், எதிர்ப்பியக்கத்தில் துணிந்து உழைத்த கால்வினிய சட்ட அறிஞர். காப்பாற்றிய குடும்பத்திலேயே விடலாம் என்பது அவர் பக்கத்து வாதம். இருக்கிற சில ஆயிரம் பேரில் எங்கள் பிள்ளைகளையும் எடுத்துக்கொள்வீர்களா என்பது யூத சமூகத்தின் கேள்வி. உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றியவர்களும் உயிர் தப்பியவர்களும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றார்கள். எனக்கு இதில் ஒரு பக்கம் எடுக்க முடியவில்லை. ஆனால் குழந்தையின் சொந்தச் சமூகத்தை ஒரு தரப்பாக மட்டும் வைத்து எண்ணியது தவறு என்றே படுகிறது.

யாத் வஷெம் 1963 முதல் உதவியவர்களைக் கௌரவித்து வருகிறது. இதுவரை 28,000 பேருக்கு மேல். போலந்திலிருந்து 7,000க்கும் அதிகம், அடுத்து நெதர்லாந்தில் ஏறத்தாழ 6,000. நிபந்தனைகளில் முக்கியமானது, காப்பாற்றப்பட்டவரின் சாட்சியமோ அதற்கு ஈடான ஆவணமோ வேண்டும் என்பது. நியாயமான நிபந்தனைதான். ஆனால் நெதர்லாந்தில் முங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்கள் இறந்துபோனார்கள், அவர்களில் பெரும்பாலோர் பிடிபட்டவர்கள். அவர்களுக்கும் ஒரு மாடி இருந்தது, ஒரு கட்டில் இருந்தது, கூடுதலாக உருளைக்கிழங்கு வாங்கிய ஒரு பெண் இருந்தாள். அந்த வீடுகளில் பலவற்றைப் பற்றி எழுதித் தர யாரும் மிஞ்சவில்லை.